ஏற்காட்டு ஈரத்தில் நீளக் கிரிஸ்: துருவை எப்படி எடுப்பது?

ஏற்காடு_காப்பி:
வீட்டில் சுமத்ரா கிரிஸ் (இந்தோனேசியக் குத்துவாள்) ஒன்று இருக்கிறது. நேரான அலகு, 52 செ.மீ. பனியில் அடிப்பாகம் செந்துரு பூத்துவிட்டது. எலுமிச்சை தேய்க்கலாமா? இவ்வளவு நீளம் குடும்பத்துக்குக் காவலாக இருக்கத்தானா?

பட்டறை_சேலம்:
எலுமிச்சை வேண்டாங்க. அலகில் ஓடும் வெள்ளிக் கோடுகளுக்கு 'பாமோர்' என்று பெயர். நிக்கல் கலந்த உலோகத்தை இரும்போடு மடித்து மடித்து அடித்ததில் வருவது. நடுவே உள்ள கறுப்பு, பாஷாண (ஆர்சனிக்) கரைசல் ஏற்றிய நிறம். புளிப்புப் பட்டால் அந்தக் கறுப்பு போய் அலகு முழுக்க வெளுத்து, கோலமே மறைந்துவிடும். மறுபடி ஏற்ற ஆர்சனிக் வேண்டும். கொடிய விஷம், வீட்டில் தொடவே கூடாது.

தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் கோடு போகும் போக்கிலேயே தேய்த்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். உப்புத்தாள் படக்கூடாது. தேங்காய் எண்ணெயும் ஆகாது; 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம். மழைக்காலத்தில் உறைக்குள் செருகி வைக்காதீர்கள். மரம் ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டி வைத்திருக்கும்.

சேர்வராயன்:
ஜாவா கிரிஸ் பெரும்பாலும் 35-38 செ.மீ.தான். உங்களுடையது மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் பக்கத்து 'கெரிஸ் பன்ஜாங்' (நீளக் கிரிஸ்) போலத் தெரிகிறது. அந்தஸ்துக்கு அணிவார்கள், மரண தண்டனைக்கும் பயன்பட்டது. காறை எலும்புக் குழி வழியாக இதயம் வரை எட்ட அந்த நீளம் வேண்டும். அதனால் நீளத்தையே காவல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தலைமுறை தலைமுறையாக வரும் 'புசாக்கா' என்பதால்தான் குடும்பத்தைக் காக்கும் என்று நம்புகிறார்கள்.

காவலைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவின் வாள்தான். பிடியில் 'லசாரா' என்ற வாய் பிளந்த விலங்குத் தலை. உறையில் பிரம்பால் முடைந்த ஓர் உருண்டை, அதைச் சுற்றி முதலைப்பல், பன்றிக்கொம்பு, குட்டி மர உருவங்கள். வீரனுக்குக் காப்பு அந்த உருண்டைதான்.

செவ்வாய்ப்பேட்டை:
ஆயுத பூஜை அன்று கவனம். முனியப்பன் கோயில் அருவாளில் குத்துவது போல இதன் நுனியில் எலுமிச்சம்பழம் குத்திவிடாதீர்கள். விடிவதற்குள் சாறு வழிந்த தடம் அப்படியே அலகில் பதிந்திருக்கும். சந்தனம், குங்குமம் உறைக்கு மட்டும் போதும். பாலியிலும் 210 நாளுக்கு ஒருமுறை, 'தும்பெக் லண்டெப்' அன்று, கிரிஸுக்குப் பூஜை உண்டு.

ஏற்காடு_காப்பி:
ரொம்ப நன்றிங்க. பிடியைக் கழற்றித் துடைக்கலாமா?

பட்டறை_சேலம்:
தானாக வந்தால் கழற்றுங்கள். பிசின் பிடித்திருந்தால் திருகாதீர்கள். பிடிக்குள் செருகிய அலகின் காம்பு துருவேறி மெலிந்திருக்கும், முறிந்துவிடும்.