கஜராஜின் வயிற்றுக்குள்

டெல்லியில் ராணுவச் சரக்கு விமானம் என்றதும் இப்போது எல்லாருக்கும் ஹிண்டன் தளத்து சி-17தான் ஞாபகம் வருகிறது. நான் சொல்ல வந்தது அதற்கு மூத்த கஜராஜைப் பற்றி. இல்யூஷின்-76 விமானத்துக்கு நம் விமானப்படை வைத்த பெயர் அது.

எனக்குப் பாதுகாப்புத் துறையில் கணக்குப் பிரிவு வேலை, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலத்தில் லடாக்கின் லே நகரத்துக்குத் தணிக்கைக்கு அனுப்பினார்கள். பனியில் சாலை மூடிக்கிடந்தது. சண்டிகர் போய் விமானப்படை விமானம் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. விடியும் முன்பே வரிசையில் நின்றோம். லே ஓடுபாதை 10,000 அடிக்கும் மேலே இருக்கிறது. வெயில் ஏற ஏற அங்கே காற்றின் அடர்த்தி இன்னும் குறையும், மதியத்துக்குமேல் பலமாகவும் வீசும். அதனால் கனமான விமானங்கள் காலையிலேயே போய்த் திரும்பிவிட வேண்டும்.

பின்பக்கச் சரிவுக் கதவு வழியாக ஏறினோம். நடுவில் சங்கிலி போட்டு இறுக்கிய ஜீப், ரேஷன் மூட்டைகள். இரு ஓரமும் மடக்கு இருக்கைகளில் ஜவான்கள். எஞ்சின் போட்டதும் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. திருநெல்வேலிக்கார ஹவில்தார் ஒருவர் கொஞ்சம் பஞ்சை நீட்டி, "காதுல வச்சுக்கிடுங்க சார்" என்றார்.

இறங்கிய பிறகுதான் விமானத்தை நன்றாகப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே கண்ணாடி அறை. நேவிகேட்டர் அங்கே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே வழி சொல்வார். சக்கரங்கள் மட்டும் 20. டயரின் காற்றழுத்தத்தைப் பறக்கும்போதே கூட்டலாம், குறைக்கலாம். மண் தரையிலும் இறங்க வேண்டும் என்று யோசித்துச் செய்த வண்டி!

1971 மார்ச் 25ல் மாஸ்கோவில் முதன்முதலாகப் பறந்தது. நம்மிடம் வந்தது 1985ல். என்னைக் கேட்டால் அதன் பெரிய நாள் 1988 நவம்பர் 3. மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. அதிபர் கயூம் உதவி கேட்டார். ஆக்ராவில் பாராசூட் படையினரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய இல்யூஷின்கள், 2,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்து அன்றிரவே ஹுல்ஹுலே தீவில் இறங்கின. கேட்ட அன்றைக்கே போய் நின்றோம் என்பதை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

2013ல் சி-17 வந்தது. இல்யூஷின் நாற்பது டன் சொச்சம் தூக்கும் என்றால் இது 77 டன் வரை தூக்கும். காபூலிலிருந்து 2021 ஆகஸ்டில் 168 பேரை ஹிண்டனுக்குக் கொண்டுவந்ததும் இதுதான். சரி, அருமையான விமானம், மறுக்கவில்லை. ஆனால் லடாக்கில் இருந்தவர்களுக்குக் குளிர்காலம் முழுக்கச் சோறு போட்டது எங்கள் கஜராஜ்.

இதற்கும் முன்னால் ஏஎன்-12 இருந்தது. 1962 சீனப் போரின்போது லடாக் எல்லையில் இருக்கும் சுஷூலுக்கு ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளைச் சுமந்து போனது அதுதான். அதில் பறந்த பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.