சில்லவுட்: நிழலுருவா, விளிம்புருவா?

அன்புடையீர், வணக்கம்.

நடனக் கலைஞர்களின் ஒளிப்படங்களை, உள்விவரமின்றி ஒரே நிறம் நிரப்பிய உருவங்களான சில்லவுட் (silhouette) ஓவியங்களாக மாற்றும் முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தவன், முதற்சொல்லிலேயே நின்றுவிட்டேன். இதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘நிழற்படம்’, ‘கருவுரு’, ‘நிழலுரு’ என மூன்றைச் சிலர் முன்வைத்துள்ளனர். நிழற்படம் நெடுங்காலமாக ஒளிப்படத்தையே குறித்துவருவதால் அதை விட்டுவிடலாம். எங்கள் வடசென்னைப் பேச்சில் ருகரமும் றுகரமும் ஒன்றாகவே ஒலிக்கும். கருவுரு என்றால் கருவுறுதல்தான் நினைவுக்கு வரும்.

நிழலுரு அழகான சொல், பலரும் ஆள்வது. ஆயினும் வரைகலை மென்பொருள்களில் எழுத்துக்குப் பின்னே விழச்செய்யும் சாயலையும் நிழல் என்றே சொல்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் குழம்புவார். நிழலுருவை ஆதரிப்பவர்கள் தோற்பாவை நிழற்கூத்தைச் சான்று காட்டினார்கள். அப்பாவைகள் ஒளி ஊடுருவும் தோலில் வண்ணம் தீட்டித் துளையிட்டுச் செய்யப்படுபவை. திரையில் நகையும் ஆடையும் நிறத்தோடு தெரிகின்றன. நாம் பெயர் தேடும் பொருளிலோ உள்விவரம் எதுவுமே இல்லை. மூலச்சொல்லிலும் நிழல் இல்லை. 1759இல் சில மாதங்களே பிரான்சின் நிதியமைச்சராக இருந்த எத்தியேன் து சிலுவெத் என்பவரின் பெயர்தான் அது.

சென்ற மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டிக்கர் வெட்டும் கடை ஒன்றில், பறையாட்டக் கலைஞர் ஒருவரை நேர் எதிரே நின்று எடுத்த படத்தைக் கொடுத்தேன். கறுப்பு நிரப்பியதும், மார்போடு சேர்த்துப் பிடித்திருந்த பறை உடலுக்குள் கரைந்து, பெருவயிற்றுக்காரர் ஒருவர் நிற்பதுபோல் ஆகிவிட்டது. பக்கவாட்டில் எடுத்த வேறொரு படத்தில் பறையின் வட்டம் உடலைவிட்டு விலகி, பறையடிக்கும் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி வெட்டவெளியில் தனியே நீண்டிருந்தது. முகமே இல்லாமலும் அது பறை என்று எவருக்கும் தெரியும். பரதத்திலும் இப்படித்தான். பாதி உட்கார்ந்தாற்போல் நிற்கும் அரைமண்டியில் முழங்கால்கள் இருபுறமும் விரிந்து நடுவே இடைவெளி விழுவதால் நேர்ப்பார்வையிலேயே புரிந்துவிடுகிறது. மார்புக்கு முன் பிடிக்கும் கடகாமுகம் என்ற கைமுத்திரையோ அடையாளமின்றி மறைந்துபோகிறது. “உள்ள இன்னா கலர் இருந்தா இன்னா சார், ஓரம் சுத்தமா இருந்தா போதும்” என்றார் கடைக்காரர். கத்தி ஓடுவது அந்த ஓரத்தில்தான். கறுப்புச் சட்டைக்கு வெள்ளையில் வெட்டினாலும் பொருள் மாறுவதில்லை.

ஆகவே ‘விளிம்புரு’ என்று முன்மொழிகிறேன். கடைக்காரரின் சொல்லைக்கொண்டே ‘ஓரவுரு’ எனலாமா என்றும் எண்ணினேன். விரைந்து சொன்னால் அது ‘ஓருரு’ ஆகிவிடுகிறது. விளிம்புரு என்றால் வெறும் கோட்டை நினைக்கமாட்டார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கோட்டுக்குப் புறக்கோடு என்ற சொல் இருக்கிறது. உரு என்பது உள்நிறைந்த வடிவத்தையே சுட்டுவதால் இரண்டும் மோதா என்பது என் கருத்து. ‘விளிம்புருவாக்கம்’ எனத் தொழிற்பெயரும் தடையின்றி வருகிறது.

நான் எழுதிவருவதிலிருந்து ஒரு வாக்கியம்: “பறை உடலைவிட்டு விலகித் தெரியும் கோணத்தில் படமெடுத்தால் விளிம்புரு தெளிவாக அமையும்.” இதில் நிழலுரு என்று மாற்றியும் ஒருமுறை படித்துப்பார்த்து, எது தடையின்றிப் பொருள் தருகிறது என்று எழுத வேண்டுகிறேன்.