சுவிட்ச் போர்ட் உயிர்பெற 30 விநாடி: போர்ட்ஃபாஸ்ட் போடலாமா?

வணக்கம் நண்பர்களே. ஒரு கல்லூரி லேபின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அனுபவம் தேவை.

காலையில் பிசியை ஆன் செய்ததும் சுவிட்ச் போர்ட்டின் விளக்கு அரை நிமிடம் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கிறது. அது பச்சையாவதற்குள், ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரின் பதில் வராமல் விண்டோஸ் தானாக 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் பொறுத்து ஐபியைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். ஆனால் நெட்வொர்க் வழியாக பூட் ஆக வேண்டிய பிசிக்கள் பூட் ஆவதே இல்லை. பிள்ளைகள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

காரணம் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் லூப், அதாவது தரவு முடிவில்லாமல் சுற்றும் வளையம், உருவாகாமல் தடுக்கும் முறை) என்பதில் சந்தேகமில்லை. பழைய 802.1டி முறையில் ஓடுகிறது: லிசனிங் 15 விநாடி, லேர்னிங் 15 விநாடி, அப்புறம்தான் ஃபார்வர்டிங், அதாவது போர்ட் தரவை அனுப்பத் தொடங்கும் நிலை. ஸ்பானிங் ட்ரீயையே அணைத்துவிடச் சிலர் சொல்கிறார்கள். அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஒரு லூப் விழுந்தால் மொத்த லேபும் படுத்துவிடும்.

பிசி போர்ட்களில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பு இல்லாமல் போர்ட்டை உடனே திறக்கும் அமைப்பு), கூடவே பிபிடியு கார்டு (ஸ்பானிங் ட்ரீயின் பிபிடியு செய்தி உள்ளே வந்தால் போர்ட்டை மூடும் பாதுகாப்பு) போடலாம் என்றிருக்கிறேன். கேட்க வேண்டியது இதுதான்: சில மேசைகளுக்குக் கீழே நிர்வகிக்க முடியாத 5 போர்ட் சுவிட்ச் இருக்கிறது. அதில் யாராவது ஒரே கேபிளின் இரு முனைகளையும் செருகிவிட்டால், எங்கள் பிபிடியு திரும்பி வந்து கார்டு போர்ட்டை மூடிவிடுமா? அல்லது சில மலிவு சுவிட்ச்கள் பிபிடியுவையே விழுங்கிவிடுமா? நேரில் சோதித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. விர்ச்சுவல் சர்வர் இருக்கும் ட்ரங்க் போர்ட்டில் (பல விலான்களின், அதாவது தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகளின், தரவை ஒன்றாகச் சுமக்கும் போர்ட்) சாதாரண போர்ட்ஃபாஸ்ட் வேலை செய்யாது, ட்ரங்க் என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். அங்கும் பிபிடியு கார்டு வைக்கிறீர்களா?