டெல்லியிலிருந்து பாலைவனமும் மலையும்: ஒன்பது நாள் லீவில் இரண்டையும் பார்க்க முடியுமா?

மயூர்விஹார் செல்வி:

வணக்கம். நாங்கள் டெல்லிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆக்ரா, ஜெய்ப்பூர், ஹரித்வார் என்று கூட்டிக்கொண்டு போய்ப் போய் வழியே மனப்பாடம் ஆகிவிட்டது. இந்த முறை கோட்டையும் கடைத்தெருவும் வேண்டாம், நிலத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசை. தீபாவளிக்கு அப்புறம் இங்கே காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் பாட்டி போனில் கார்த்திகை நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு என் பத்து வயது மகள் மொட்டைமாடியில் அரைமணி நேரம் தேடினாள், கிடைக்கவில்லை.

டிசம்பர் 24 முதல் ஒன்பது நாள் லீவு. கும்பகோணத்திலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், இடது முழங்கால் வலி உண்டு. முதல் நான்கு நாள் ஜெய்சல்மேர் பக்கம் பாலைவன தேசியப் பூங்கா, அடுத்த நான்கு நாள் இமாச்சலில் ஏதாவது ஒரு மலைப் பூங்கா என்று நினைத்திருக்கிறேன். சரிப்படுமா? இமாச்சலிலேயே உயரத்தில் இருக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். நாங்கள் சைவம்.

துவாரகா ரவி:

செல்வி மேடம், இரண்டையும் சேர்க்காதீர்கள். டெல்லியிலிருந்து ஜெய்சல்மேர் ரயிலில் ஏறக்குறைய 18 மணி நேரம், திரும்பி வர அதே அளவு, அப்புறம் மலைக்கு ஒரு ராத்திரி பஸ். அந்த வாரத்தில் மூடுபனி வந்தால் ரயில் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பது நாளில் நாலு நாள் பயணத்திலேயே போய்விடும், அப்பாவுடைய முழங்காலும் தாங்காது. டிசம்பர் பாலைவனத்தின் மாதம். அதை மட்டும் வைத்துக்கொண்டு நிதானமாக இருந்துவிட்டு வாருங்கள்.

பாலைவன தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். அதில் மணல்மேடு ஐந்தில் ஒரு பங்குதான், மீதி எல்லாம் புல்லும் முள்ளும் கல்தரையும். இது தெரியாமல் எல்லோரும் சாம் மணல்மேட்டுக்குப் போய், ஒட்டகம், ஜீப், நடு ராத்திரி வரைக்கும் ஸ்பீக்கர் என்று முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் தென்மேற்கே குரி கிராமத்துப் பக்கம் தங்குங்கள். மண் வீடுகளில் அறை தருகிறார்கள். புக் செய்வதற்கு முன்னால் ராத்திரி பாட்டுப் போடுவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜனவரியில் நாங்கள் அங்கே இருந்தோம். விடியற்காலை மணல் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்கும், செருப்பைக் கழற்ற முடியாது. வெயில் ஏறுவதற்குள் போய்ப் பார்த்தால் மணல் முழுக்கத் தடம்: வண்டு போனது தையல் போட்ட மாதிரி இரண்டு வரிசையாக, நடுவில் ஓரிடத்தில் நின்று சுற்றித் திரும்பியிருக்கிறது, அதன் குறுக்கே நரியோ நாயோ நடந்த தடம். என் பையன் ஒரு வண்டின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் அது மணலுக்குள் நுழைந்த துளையைக் கண்டுபிடித்தான். ஒன்பது மணிக்குக் காற்று கிளம்பியதும் எல்லாம் அழிந்துவிட்டது. மதியம் அம்மா ஒரு மரத்தடியில் நின்று, "இது வன்னி மரம்தானே, விருத்தாசலம் கோயில்ல இருக்கே" என்றார்கள். அங்கே கேஜ்டி என்கிறார்கள், அதே மரம்தான். அம்மா அதை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள், வீட்டுக்காரம்மா ஒன்றும் கேட்காமல் கூடவே நடந்தார். அன்று சாப்பிட்ட கறியும் அந்த மரத்துக் காய்தான். 1730-இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில் இந்த மரத்தை வெட்ட வந்தபோது பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார்கள். அங்கே போய் நின்றால்தான் ஏன் என்று புரிகிறது, நிழல் என்று வேறு எதுவும் இல்லை.

கானமயிலைப் பார்க்க சுதாசரி பக்கம் போகலாம், ஜெய்சல்மேரில் வனத்துறையில் அனுமதி வாங்க வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை, இப்போது நாடு முழுவதும் இருநூறுகூட இல்லை. தரையில்தான் முட்டையிடும், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் எதிரே வரும் மின்கம்பி அதற்குச் சரியாகத் தெரியாது, மோதிச் செத்துப்போகிறது. தயவுசெய்து கிட்டே போய்ப் போட்டோ எடுக்கலாம் என்று டிரைவர் பாதையை விட்டு வண்டியை இறக்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தூரத்தில் தெரிந்தாலே போதும்.

ராத்திரி 5 டிகிரி வரைக்கும் இறங்கும், அப்பாவுக்குக் குரங்குக் குல்லாவும் தடித்த சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசையை ஒட்டி அமைந்தால் மகளுக்குக் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றையும் ஒரே பார்வையில் பாட்டியே காட்டிவிடுவார்.

ஆர்.கே.புரம் அகிலா:

ரவி அண்ணா சொன்னதுதான் சரி. மலையை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, பெரிய இமாலய தேசியப் பூங்கா, தீர்த்தன் பள்ளத்தாக்கு வழி. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மணாலி பஸ்ஸில் ஏறி ஔட் சுரங்கத்துக்கு முன்னால் இறங்க வேண்டும். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள், விடியும் முன்னே வந்துவிடும், தூங்கிவிட்டால் குல்லு போய்விடுவீர்கள். அங்கிருந்து டாக்சியில் பஞ்சார், குஷைனி.

பூங்காவுக்குள் வண்டியே போகாது. எனக்குப் பிடித்ததே அதுதான். குஷைனியில் வண்டியை விட்டுவிட்டு ஆற்றை ஒட்டியே நடக்க வேண்டும், அனுமதிச் சீட்டு சாய் ரோபாவில் கொடுப்பார்கள். அப்பா முழுவதும் நடக்க வேண்டியதில்லை, முதல் அரை மணி நேரத்திலேயே ஆற்றங்கரையில் உட்கார நல்ல பாறை உண்டு. மார்ச் கடைசியிலிருந்து மலைச்சரிவில் புராஸ் பூத்துச் சிவப்பாக இருக்கும், நீலகிரியில் காட்டுப் பூவரசு என்பார்களே, அதன் சொந்தக்கார மரம். டிசம்பரில் போனால் இதெல்லாம் இருக்காது, மேலே ஜலோரி கணவாயும் பனியில் மூடிவிடும்.

கரோல்பாக் முரளி:

ஸ்பிதி பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் கேட்ட பாலையும் மலையும் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான். தென்மேற்குப் பருவமழையை இமயம் மறித்துவிடுவதால் மறுபக்கம் காய்ந்து கிடக்கிறது, நம் ஊரில் தொடர்ச்சிமலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற மாதிரிதான், பல மடங்கு பெரிதாக. அங்கே ‘பின்’ என்கிற ஆற்றின் பள்ளத்தாக்குப் பூங்காவில் ஒரே மலையில் ஊதா, காவி, சாம்பல் என்று பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால் டிசம்பரில் வயதானவர்களோடு நினைக்கவே வேண்டாம்.

நாங்கள் போனது ஜூலையில். நாள் மிச்சமாகும் என்று மணாலியிலிருந்து குன்சும் கணவாய் ஏறி ஒரே நாளில் காஜா போய்விட்டோம். கணவாய் 4,500 மீட்டருக்கு மேல், காஜா 3,650. அன்று ராத்திரி மாமனாருக்குத் தலைவலி, வாந்தி. வண்டி ஏற்பாடு செய்தவர் தூங்கினால் சரியாகிவிடும் என்றார், நானும் நம்பினேன். மூன்று மணிக்குப் பாத்ரூம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் உதடு நிறம் மாறியிருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, காலையில் கின்னோர் பக்கமாக இறங்கினோம். ரெக்காங் பியோ வந்ததும் பசிக்கிறது என்றார், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

போவதாக இருந்தால் ஜூன் அல்லது செப்டம்பர், சிம்லா வழியாக: சராஹன், கல்பா, தாபோ என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு ராத்திரியாவது தங்கி ஏறுங்கள். தாபோ மடம் 996-இல் கட்டியது, அதற்காகவே ஒரு நாள் கொடுக்கலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பக்கூடாது. தலைவலி ஆரம்பித்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் அந்த நேரமே இறங்கிவிடுங்கள்.

மயூர்விஹார் செல்வி:

முரளி சார், படித்துவிட்டு வீட்டில் காட்டினேன், ஸ்பிதியை விட்டுவிட்டோம். டிசம்பரில் குரி, ஏப்ரலில் தீர்த்தன். ரவி சார், குரியில் எத்தனை ராத்திரி போதும்? அப்பாவை உட்கார வைத்தே காட்டுகிற மாதிரி வேறு இடம் உண்டா?

துவாரகா ரவி:

மூன்று ராத்திரி. நடுவில் ஒரு நாள் எந்தத் திட்டமும் வேண்டாம். ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் ரோட்டில் 17 கிலோமீட்டரில் ஆகல் கல்மரப் பூங்கா இருக்கிறது, ஏறத்தாழ 18 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நடை கொஞ்சம்தான், மதிய வெயிலில் மட்டும் போகாதீர்கள். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, கம்பு ரொட்டியும் மோரும் அப்பாவுக்கு ஒத்துப்போகும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து இரண்டு கீழ் பெர்த் பிடித்துவிடுங்கள், அந்த வாரம் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும்.