மொட்டை மாடியில் நின்றவர்களை யார் எண்ணியது?

பருத்திப்பால்:
நேற்று இங்கே கேலரிக்காரன் அண்ணன் ஒரு பதிவு போட்டிருக்கிறார். 2022 ஜனவரியில், ஒமைக்ரான் அலைக்கு நடுவே, அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு நடத்திய விதம்தான் நோய்க் காலத்தில் விழா நடத்த நாட்டுக்கே பாடமாம். "150 பார்வையாளர், அதற்கு மேல் ஒரு தலை இல்லை" என்று பெருமை வேறு. அண்ணே, நானும் அன்றைக்கு அங்கேதான் நின்றேன். கேலரியில் 150, சரி. மொட்டை மாடியில் நின்றவர்களை யார் எண்ணியது?

கேலரிக்காரன்:
தம்பி, அரசு சொன்னதைப் படித்தீர்களா? 150 பேர் அல்லது இருக்கைகளில் பாதி, எது குறைவோ அது. மாடி என்ன இருக்கையா? அவரவர் வீடு. என் வீட்டு மாடியில் நான் வடாம் காயப்போடுவேன், மாடு பார்ப்பேன். அதற்கும் ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டுமா?

பருத்திப்பால்:
வடாம் காயப்போட உங்கள் வீட்டில் நாற்பது பேரா? கைப்பிடிச் சுவர் தெரியாத அளவுக்குக் கால் தொங்கியது. மாடியை யார் எண்ணியது?

நர்ஸக்கா:
இரண்டு பேரும் மாடியை விட்டுக் கீழே இறங்குங்கள். மாடியில் காற்றாவது அடிக்கும். களத்தைப் பாருங்கள். வீரர்கள் 300 பேர் வரை. காளை ஒன்றுக்கு உரிமையாளர், உதவியாளர் என இருவர். 500 காளை என்று வைத்துக்கொண்டாலே ஆயிரம் பேர். பார்க்க வந்தவனுக்கு 150 என்று கணக்கு, மாட்டோடு வந்தவன் அதைப்போல ஆறேழு மடங்கு. எல்லாருக்கும் இரண்டு தவணை ஊசி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சான்று கேட்டது நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் நேற்று முன்தினம் தொற்று இல்லை என்று வந்த சான்று இன்றைக்கும் இல்லை என்று சொல்லாது. ராத்திரியெல்லாம் மாட்டோடு வரிசையில் ஒட்டி நிற்கிறார்களே, அங்கே இடைவெளி விட்டிருந்தால் அதுதான் ஏற்பாடு.

பருத்திப்பால்:
அக்கா சொல்வது சரிதான். அதையும் எண்ணவில்லை, மாடியையும் எண்ணவில்லை.

பாலமேட்டான்:
இதற்குத்தான் பாலமேட்டுக்கு வாருங்கள் என்கிறோம். மஞ்சமலை ஆற்றுத் திடல் விரிந்து கிடக்கிறது. அந்த வருடம் தை 2 அன்று, சொன்ன நாளில் நடத்தினோம். அலங்காநல்லூருக்குத்தான் ஞாயிறு ஊரடங்கு வந்து 16ஆம் தேதி விழா 17க்குப் போனது.

கேலரிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு என்றால் திங்கட்கிழமை நடத்துவதுதானே கட்டுப்பாடு? அதற்குப் பெயர்தான் திட்டமிடல். உமக்கு எரிச்சல் வேறு. உம்முடைய செவலையை எங்கள் ஊர்ப் பையன் திமிலோடு பிடித்து அண்டா வாங்கிப் போனான், அது இன்னும் ஆறவில்லை.

பாலமேட்டான்:
பிடிக்கவில்லை. வாலைத் தொட்டான். வாலைத் தொட்டால் பிடி மாடா? கமிட்டியில் உம்முடைய மச்சான் உட்கார்ந்திருந்தார், அண்டா போனது.

பருத்திப்பால்:
மச்சான் எந்த மாடியில் உட்கார்ந்திருந்தார் என்றும் சொல்லிவிடுங்கள்.

புதூர்வாசி:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். எதற்கு இந்த வம்பு? 2021 சித்திரையில் அழகரைக் கோயில் வளாகத்துக்குள்ளேயே வைகை மாதிரி அமைத்து இறக்கினார்கள். பக்தர் கூட்டமே இல்லை. அதற்கு முந்தைய வருடம் மீனாட்சி கல்யாணத்தையே வீட்டிலிருந்து நேரலையில் பார்த்தோம். சாமிக்கே முடிந்தது, மாட்டுக்கு முடியாதா?

பாலமேட்டான்:
தொட்டித் தண்ணீரில் இறங்கியதை ஆற்றில் இறங்கியதாகச் சொல்லும் ஆள் எந்த ஊர் மதுரைக்காரன்? ஆவின் பால் குடித்து வளர்ந்தால் இப்படித்தான்.

புதூர்வாசி:
ஆவினும் மதுரையில்தான் கறக்கிறார்கள் ஐயா.

நர்ஸக்கா:
சித்திரையை இழுத்ததால் ஒன்று சொல்கிறேன். இரண்டு வருடம் அடைத்து வைத்துவிட்டு 2022 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். ஆற்றில் இறங்கும் அன்று நெரிசலில் இரண்டு பேர் செத்தார்கள். கிருமி கொல்லவில்லை, கூட்டம் கொன்றது. முகக்கவசத்தை எண்ணத் தெரிந்த நமக்கு, அழகர் இறங்கும் வைகைக் கரையில், ஆழ்வார்புரம் பக்கம் ஒரு நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம், எந்த வழியாக வெளியே போகலாம் என்று பார்க்கத் தெரியவில்லை. நோய்க்கும் நெரிசலுக்கும் கணக்கு ஒன்றுதான், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை ஆள் என்பது.

கேலரிக்காரன்:
அக்கா, அது வேறு விழா, வேறு துறை. அலங்காநல்லூரில் அன்றைக்கு நெரிசலா வந்தது? 150 பேர். முடிந்தது பேச்சு.

பருத்திப்பால்:
150 என்று நூறு தடவை சொன்னால் மாடி காலியாகிவிடுமா? நான் கேட்டது ஒரே கேள்வி.

கேலரிக்காரன்:
உமக்கு அன்றைக்கு எங்கே இடம் கிடைத்தது, அதைச் சொல்லும் முதலில். கேலரிச் சீட்டு உம்மிடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பருத்திப்பால்:
அது வேறு விஷயம்.

பாலமேட்டான்:
ஆஹா. எந்த மாடி, தம்பி?

பருத்திப்பால்:
என் சித்தப்பா வீடு. சொந்தக்காரன் வீட்டுக்குப் போனால் தப்பா? நான் நின்றேன், அதனால்தான் எண்ணவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மாடியில் நாற்பத்திரண்டு பேர், நானே எண்ணினேன்.

கேலரிக்காரன்:
அப்படியென்றால் எண்ணியாகிவிட்டதே. இன்னும் யார் எண்ணியது என்று கேட்கிறீர்!

பாலமேட்டான்:
அது இருக்கட்டும். அண்டாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.