வீணாகும் சோலார் மின்சாரத்துக்கு பேட்டரி கண்டெய்னர்: ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

வெயில்நேசன்:
எங்கள் சோலார் நிலையம் 4 மெகாவாட். கிரிட்டுக்கு (பொது மின்கட்டமைப்புக்கு) அனுப்ப அனுமதி 2.5 மெகாவாட்தான். நல்ல வெயில் நாளில் காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டரை வரை இன்வெர்ட்டர்கள் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன. கிராஃபின் உச்சி கத்தரித்துவிட்டாற்போல் தட்டையாக நிற்கிறது. என் கணக்குப்படி அப்படியான நாளில் 4 முதல் 5 மெகாவாட்-மணி வரை கைவிட்டுப் போகிறது. 20 அடி கண்டெய்னர் ஒன்றிலேயே 5 மெகாவாட்-மணி கொள்ளும் என்கிறார்கள். ஆனால் விற்பனையாளர், "இரண்டாக வாங்கிவிடுங்கள், மாடுலர்தானே, அப்புறம் மூன்றாவதும் பக்கத்தில் இறக்கிக்கொள்ளலாம்" என்கிறார். அவ்வளவு சுலபமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பஸ்பார்:
கமிஷனிங் வேலை (புது நிலையங்களைச் சோதித்து ஓடவைப்பது) பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பெட்டி மாடுலர் என்பது உண்மை. பெட்டியைச் சுற்றி இருக்கும் எதுவும் மாடுலர் இல்லை. விற்பனையாளர் அதைச் சொல்ல மாட்டார்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இப்போது வரும் 5 மெகாவாட்-மணி பெட்டிகளில் பெரும்பாலும் 314 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள். ஒரு செல் 3.2 வோல்ட். 416 செல்களைத் தொடராக இணைத்தால் ஒரு ரேக், சுமார் 1,331 வோல்ட் டிசி. அப்படிப் பன்னிரண்டு ரேக். பெருக்கிப் பாருங்கள், 5.016 மெகாவாட்-மணி வரும். தொழிற்சாலையிலேயே எல்லாம் பூட்டி, சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்), தீ உணரிகளோடு வந்து இறங்கும். மொத்த எடை 40 டன்னுக்கு மேல். ஆகவே அதைத் தாங்கும் கான்கிரீட் தளம் வேண்டும், கிரேன் வந்து நிற்க இடம் வேண்டும், கேபிள் டிரெஞ்ச், பிசிஎஸ் (பேட்டரியின் டிசியை ஏசியாகவும் ஏசியை டிசியாகவும் மாற்றும் கருவி), டிரான்ஸ்பார்மர், சுவிட்ச்கியர் எல்லாம் வேண்டும். மூன்றாவது பெட்டியை லாரியில் கொண்டுவந்து இறக்குவது அரை நாள் வேலை. டிரான்ஸ்பார்மரில் அதற்கு இடம் இல்லையென்றால் அந்தப் பெட்டி வெயிலில் சும்மா நிற்கும்.

என்னைக் கேட்டால், பெட்டி ஒன்று வாங்குங்கள், தளம் இரண்டு போடுங்கள். காலி குழாய்களை இப்போதே மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். சுவிட்ச்கியரில் ஒரு ஃபீடர் பேனல் (அடுத்த பெட்டியின் கேபிளை இணைக்கும் இடம்) உபரியாக இருக்கட்டும். உங்கள் உபரி நல்ல நாளிலேயே 5 மெகாவாட்-மணியைத் தாண்டவில்லை. மேகம் போட்ட நாளில் பாதிகூட வராது. சும்மா நின்றாலும் செல்லுக்கு வயதாகும் என்பதை மறக்காதீர்கள். நிறைய சார்ஜோடு வெக்கையில் கிடந்தால் இன்னும் வேகமாக ஆகும்.

பிறகு வாங்கும் பெட்டியைப் பழையதோடு ஒரே டிசி பஸ்ஸில் (பொது இணைப்புத் தடத்தில்) கோத்துவிடாதீர்கள். தேய்ந்த ரேக்கும் புது ரேக்கும் நேராக இணையாக நின்றால் மின்னோட்டம் சமமாகப் பிரியாது. பழையது முதலில் எல்லையைத் தொட்டுவிடும், புதியதில் மீதி இருந்தும் எடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி பிசிஎஸ், இல்லையென்றால் இடையில் டிசி-டிசி கன்வெர்ட்டர். இதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

பெட்டி வந்ததும் கதவைத் திறந்து பஸ்பார் (மின்னோட்டம் போகும் தடித்த உலோகத் தகடு) போல்ட்டுகளைப் பாருங்கள். குறித்த முறுக்கு விசை (டார்க்) வைத்து இறுக்கிய பின் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு இழுத்திருப்பார்கள். பயணக் குலுக்கலில் போல்ட் திரும்பியிருந்தால் கோடு உடைந்து தெரியும். கூலன்ட் குழாய் இணைப்புகளுக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தை வைத்து ஓர் இரவு பம்பை ஓட்டிவிடுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருக்க வேண்டும்.

கிலோவாட்கணக்கு:
போட்டது அத்தனையும் திரும்பி வராது. பிசிஎஸ், டிரான்ஸ்பார்மர் இரண்டையும் போகவர இரண்டு தடவை கடக்கிறது. ஏசியிலிருந்து ஏசிக்கு 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 4.5 மெகாவாட்-மணி உள்ளே போனால் மாலையில் கிடைப்பது சுமார் 3.8. சில்லர் குடிப்பது தனி. அது ஓய்வு நாளிலும் குடிக்கும்.

பேட்டரிக்குப் பதிலாக, மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கிச் சேமிக்கும் கண்டெய்னரை யாராவது காட்டினால் ஒரே ஒரு கேள்வி: திரும்ப மின்சாரமாக எவ்வளவு வரும்? பாதிகூட வராது. பகலில் சேமித்து இரவில் விற்பதற்கு அது தோதுப்படாது.

செங்குழல்:
தீ, வெடிப்பு, பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி பற்றி யாரும் பேசவில்லையே? 2019 ஏப்ரலில் அரிசோனாவின் சர்ப்ரைஸ் நகரில் நடந்ததைப் படியுங்கள். 2 மெகாவாட்-மணி பேட்டரி நிலையம். உள்ளே தீயணைப்பு வாயு பீய்ச்சியது. ஆனால் செல்களிலிருந்து வந்த எரிவாயு வெளியேற வழியில்லாமல் தேங்கியது. சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்ததும் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். அங்கே இருந்தது என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) செல். எல்எஃப்பி அதைவிட நிதானமானது, ஆனாலும் சூடு மீறினால் ஹைட்ரஜன் கலந்த வாயுவைத்தான் கக்கும். வாயு உணரி, தானாக ஓடும் வெளியேற்ற விசிறி, வெடிப்பழுத்தத்தை வெளியே விடும் தகடு இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். யுஎல் 9540ஏ (பேட்டரியில் சூடு மீறித் தீ எப்படிப் பரவும் என்று பார்க்கும்) சோதனை அறிக்கையை முழுசாக வாங்குங்கள், முதல் பக்கத்தை மட்டும் அல்ல.

பஸ்பார்:
செங்குழல் சார் சொல்வதோடு இன்னொன்று. 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஒரு பெரிய பேட்டரி நிலையம் கமிஷனிங் சமயத்திலேயே தீப்பிடித்தது. கூலன்ட் கசிவில் தொடக்கம். அந்த யூனிட் சாவி போட்டு அணைத்து வைக்கப்பட்டிருந்ததால் கண்காணிப்பும் சேர்ந்தே தூங்கிவிட்டது. பக்கத்து யூனிட்டுக்கும் தீ தாவியது. அணைத்து வைத்த பெட்டியிலும் அலாரம் வேலை செய்ய வேண்டும். நேரில் அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.

வெயில்நேசன்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு பெட்டி, இரண்டு தளம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு சந்தேகம்: மழைக்காலத்தில் பல நாள் தொடர்ந்து பேட்டரி நிறையவே நிறையாது. அதனால் கெடுதல் உண்டா?

பஸ்பார்:
செல்லுக்குக் கெடுதல் இல்லை, மீட்டருக்குத்தான். எல்எஃப்பியின் வோல்டேஜ் நடுவில் நீண்ட தூரம் ஏறாமல் இறங்காமல் கிடக்கும். அதை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் அமைப்பு) மின்னோட்டத்தைக் கூட்டிக்கூட்டிக் கணிக்கிறது, பிழை சேர்ந்துகொண்டே போகும். 30 சதவீதம் காட்டிக்கொண்டே சட்டென்று டிரிப் ஆகும். அவ்வப்போது முழுதாக நிரப்பினால் சரியாகிவிடும். அதற்கு வெயில் இல்லாத நாளில் கிரிட்டிலிருந்து சார்ஜ் செய்ய வேண்டிவரும். உங்கள் இணைப்பு ஒப்பந்தத்தில் கிரிட்டிலிருந்து சார்ஜ் செய்ய அனுமதி இருக்கிறதா?

வெயில்நேசன்:
இல்லை. அனுப்புவதற்கு மட்டும்தான் இருக்கிறது. ஆர்டர் போடுவதற்கு முன் அதை மாற்றக் கேட்கிறேன்.