மறு: குழந்தை மறுபடி சதைபோடுவதற்கு ஒரு சொல்

வணக்கம். அங்கன்வாடிகளுக்கான குழந்தை வளர்ச்சிக் கையேட்டின் கலைச்சொற்கள் பற்றிக் குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது. முதலில் ‘அடிபாசிட்டி ரீபவுண்ட்’, அதாவது சிறுவயதில் இறங்கிய உடல் நிறை எண் திரும்ப ஏறத் தொடங்குவது.

> அடிபாசிட்டி ரீபவுண்ட் என்பதற்குக் ‘கொழுப்பு மீளெழுச்சி’ போட்டுவிடலாமே. பொருள் பிசகாமல் வருகிறது.

ஐயா, அகராதிக்குப் பிசகில்லைதான். ஆனால் இந்தக் கையேடு போகப்போவது கேரளத்தில் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அங்கன்வாடிகளுக்கு. எடைபோட வரும் அம்மாவிடம் “உங்க பிள்ளைக்குக் கொழுப்பு” என்று ஆரம்பித்தால் டீச்சர் அடிவாங்குவார்! ‘மீளெழுச்சி’ வேறு, போன நோய் திரும்பி வந்தமாதிரி ஒலிக்கிறது.

இது நோயே இல்லை, எல்லாக் குழந்தைக்கும் வருவது. பிறந்த முதல் வருடம் உடல் நிறை எண் (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) ஏறுகிறது. அப்புறம் குழந்தை நடந்து ஓடி வளர வளர அந்த எண் இறங்குகிறது. 5, 6 வயது வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்ப ஏறுகிறது. அந்தத் திருப்பத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். 1984இல் பிரான்சில் ஆய்வாளர் ரோலான்-காஷெரா குழுவினர் இதைப் பற்றி எழுதினார்கள். ஐந்தரை வயதுக்கு முன்பே திரும்பிவிட்ட குழந்தைகளுக்குப் பதின்வயதில் உடம்பில் கொழுப்பு அதிகம் இருந்தது என்பது அவர்கள் கண்டது.

> அப்படியானால் ‘எடை மீளேற்றம்’?

இது கூடவே கூடாது. எடை எங்கே இறங்கியது, மீண்டும் ஏற? அந்த வயதில் வருடத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ கூடிக்கொண்டேதான் இருக்கும். உயரம் முந்திக்கொள்வதால் எண் மட்டும் இறங்குகிறது. நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்து “இளைச்சுப் போச்சே” என்று பாட்டிமார் துரத்தித் துரத்தி ஊட்டுவது இது புரியாமல்தான். நம் சொல்லும் பாட்டி கட்சியில் சேரவேண்டாம்.

என் முன்மொழிவு: மறுசதைப்பு.

சதைத்தல் என்ற வினை நம்மிடம் இருக்கிறது. கைக்குழந்தையாக ஒருமுறை சதைத்தது, இது இரண்டாம் முறை. சீக்கிரமே வந்தால் ‘முந்து மறுசதைப்பு’.

> சதை என்றால் தசையும்தானே? துல்லியம் போதாது.

அம்மா, அந்தத் துல்லியம் மூலச்சொல்லிலேயே இல்லை. அளக்கிறது உடல் நிறை எண்ணை, பெயர் மட்டும் கொழுப்புக்கு. அந்த எண்ணுக்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது. சதை என்று பொதுவாகச் சொல்வதே நேர்மை. இன்னொன்று, இதைக் கையேட்டில் ‘காரணிகள்’ என்ற தலைப்புக்குக் கீழே வைக்காதீர்கள். புள்ளியியலாளர் டிம் கோல் 2004இல் காட்டியபடி, அந்த எண் ஏற்கெனவே அதிகமாக இருக்கும் குழந்தைக்கும், அது வேகமாக மேலேறும் குழந்தைக்கும்தான் திருப்பம் முந்தி வருகிறது. ஆக இது முன்குறி, காரணம் அல்ல. தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு, கர்ப்பத்தில் புகைபிடித்தல், முதல் மாதங்களில் எடை மளமளவென ஏறுதல் ஆகியவை, பிள்ளை பின்னாளில் குண்டாவதோடு சேர்த்துப் பேசப்படும் வேறு பட்டியல். அங்கேயும் ‘தொடர்புடையவை’ என்று போட்டால் போதும், தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டாம்.

அடுத்து ஒரு எல்லைத் தகராறு. வரைவில் அதே பட்டியலில் ‘குறைந்த தூக்கம்’ என்று இருக்கிறது. மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த அம்மா இதைப் படித்தால், எடை குறைந்தால் பிள்ளை குண்டாகும் என்று புரிந்துகொள்வார். ‘உறக்கம்’ என்று மாற்றிவிடுங்கள், இரண்டு மொழிக்கும் பொது. எடைக்கு எடையே இருக்கட்டும், சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

பிறப்பெடை, மிகையெடை இரண்டும் எனக்குச் சம்மதம்.

சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்பது புனே மருத்துவர் யாஜ்னிக் சொல்லும் ‘தின்-ஃபேட்’ (பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு) குழந்தைதான். புனே ஆய்வில் பிறப்பெடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. நம் குழந்தைகள் எல்லா அளவிலும் சிறிசு, ஆனால் தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறையவில்லை. யாரோ ‘ஒல்லிக்கொழுப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். கேட்டால் ஒல்லியான ஆளின் திமிர் என்றுதான் படுகிறது. ‘மெலிகொழுமை’ சரிவருமா? எனக்கே நாக்கில் ஒட்டவில்லை. செங்கோட்டை, நகரி பக்கத்து நண்பர்கள், பார்க்க ஒல்லியாக இருந்தும் உள்ளே கொழுத்த ஆட்டுக்கோ மாட்டுக்கோ உங்கள் ஊரில் ஏதாவது சொல் உண்டா, கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.